குத்தகை மாறினாலும் ஆள் மாறவில்லை: பந்திங்கிலிருந்து ஒரு திறந்த மடல்

மலேசியப் போக்குவரத்து அமைச்சுக்கும், விமான நிலையங்களை நடத்தும் நிர்வாகத்துக்கும், அதில் பங்கு வைத்திருக்கும் ஊழியர் சேமநிதி வாரியத்துக்கும்,

வணக்கம். நான் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியை. பந்திங்கில் குடியிருக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகளில் நிறையப் பேர் இன்று செப்பாங்கில் இருக்கும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தை நம்பித்தான் குடும்பம் நடத்துகிறார்கள். கழிவறை கழுவுகிறவர்கள், தள்ளுவண்டி சேர்க்கிறவர்கள், பெட்டி ஏற்றி இறக்கும் லோடர்கள், கேட்டில் நிற்கும் பாதுகாவலர்கள், சக்கர நாற்காலி தள்ளுகிறவர்கள். ஒருவர் இருவர் மட்டும் விமானத்துக்குக் கீழே நின்று ஸ்பேனர் பிடிக்கும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். தங்கள் பெயரில் எழுத இவர்களுக்குப் பயம், வேலைக்கு உள்ளே போகிற பாஸ் யார் கையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, அதனால் நான் எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்புரவு, பாதுகாவல், தள்ளுவண்டி போன்ற வேலைகள் குத்தகைக் கம்பெனிகள் கையில் இருக்கின்றன. குத்தகை முடிந்து வேறு கம்பெனி வரும்போது அதே ஆள் அதே மாடியில் அதே வேலையைத்தான் தொடர்ந்து செய்கிறார். சட்டையின் நிறம் மாறுகிறது, கையெழுத்துப் போட ஒரு புதுக் கடிதம் வருகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடிதத்தோடு அவருடைய பழைய சர்வீஸ் எல்லாம் அழிந்து, அவர் மறுபடியும் புது ஆளாகிவிடுகிறார். இது நிற்க வேண்டும். டெண்டர் ஆவணத்திலேயே, புதிதாக வரும் கம்பெனி இருக்கிற ஆட்களை அவர்களுடைய பழைய சர்வீஸோடு சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி எழுதுங்கள். இங்கே எந்தக் கம்பெனியின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை, ஏனென்றால் ஒரு கம்பெனியைத் திருத்தினால் தீருகிற விஷயம் இல்லை இது.

சர்வீஸ் போனால் என்ன போச்சு என்று குளிர்சாதன அறையில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம், கணக்கைப் பாருங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் சர்வீஸ் உள்ளவருக்கு ஆண்டு விடுமுறை 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் இருந்தால் 12 நாள், ஐந்து வருடம் ஆகிவிட்டால் 16 நாள். எம்சி என்கிற மருத்துவ விடுப்பும் அப்படித்தான், 14, 18, 22 என்று ஏறும். ஆட்குறைப்பு செய்தால் கொடுக்க வேண்டிய இழப்பீடு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், 15 நாள் சம்பளம், 20 நாள் சம்பளம் என்று சர்வீஸைப் பார்த்துத்தான் உயர்கிறது. குத்தகை மூன்று வருடம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வருடம் ஒரே கட்டடத்தைத் துடைத்த ஒரு பெண் அந்த 16 நாள் விடுமுறையை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார். ஒவ்வொரு மூன்று வருடத்துக்கும் முந்தாநாள் சேர்ந்த பெண்ணுக்கு இருக்கிற அதே 8 நாளுக்கு அவர் திரும்பி வருவார். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு டயாலிசிஸ், தீபாவளிக்கு முதல் நாள், எல்லாம் அந்த எட்டு நாளுக்குள்தான். சட்டம் எழுதியவர்கள் நீண்ட நாள் உழைத்தவருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் இந்தப் படிகளை வைத்திருக்கிறார்கள், குத்தகை முறை அந்தப் படியில் ஏறவே விடுவதில்லை.

தோட்டத்து ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. எங்கள் தாத்தா பாட்டிமார் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி மூலமாக வந்தவர்கள், 1938ல் இந்திய அரசாங்கம் தடை போட்ட பிறகுதான் அந்த வழி அடைபட்டது. அப்புறம் தோட்டங்களிலேயே எழுபதுகள் எண்பதுகளில் நேரடிப் பேரேட்டில் இருந்த ஆட்களைக் குறைத்து கான்ட்ராக்டர் கீழே விட்டார்கள். எந்த நாட்டிலும் நவீனத்தின் அடையாளம் என்று காட்டப்படுவது விமான நிலையம், அங்கே போயும் எங்கள் பிள்ளைகள் நடுவில் ஒரு ஆள் வழியாகத்தான் சம்பளம் வாங்க வேண்டுமா என்பதுதான் என் வருத்தம்.

விமானத்துறை எங்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். தோட்டங்கள் விற்கப்பட்டு, லயத்து வீடுகள் காலியாகி, பிள்ளைகள் எங்கே போவது என்று தெரியாமல் நின்ற காலத்தில்தான் செப்பாங்கில் விமான நிலையம் வந்தது. பால்மரம் சீவின அம்மாவின் மகள் சீருடை போட்டு, அடையாள அட்டை தொங்கவிட்டு வேலைக்குப் போனாள், கையில் சொந்தச் சம்பளம் வந்தது, தம்பியைப் படிக்க வைத்தாள், கல்யாணத்தை இரண்டு வருடம் தள்ளிப்போடச் சொல்லும் தைரியம் வந்தது. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்த மாற்றத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்த வேலை உறுதியான வேலையாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் விமான நிலையம் வெறும் நிலத்தில் வரவில்லை என்பதையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1998 ஜூனில் திறந்தபோது அதற்கென்று ஒதுக்கிய நிலம் ஏறக்குறைய 10,000 ஹெக்டர். அதில் பெரும்பகுதி தோட்டம். பூசுட் கிராமத்திலிருந்த தெமுவான் பூர்வகுடி மக்களும் அதற்காக இடம் பெயர்ந்தார்கள், அவர்களுடைய வலி எங்களுடையதைவிடப் பழையது, அவர்களுக்கு அது முன்னோர் நிலம். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்திலிருந்து விமான நிலையம் வரைக்கும் ஒரே வளர்ச்சிப் பாதை என்று திட்டம் போட்டீர்கள், அந்தப் பாதையில் புது நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயாவுக்காக பேராங் பெசார், செட்ஜ்லி, மெடிங்லி, காலவே என்று நான்கு தோட்டங்கள் காலியாயின. அந்தக் குடும்பங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் போய் உட்கார்ந்தன, சுவர் விரிசல் விட்ட செய்தி பிறகு வருடக்கணக்கில் பத்திரிகையில் வந்துகொண்டே இருந்தது. விமான நிலையத்தை வடிவமைத்த ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு என்று சொன்னார், அதன்படி துணைக் கட்டடத்துக்கு நடுவில் நிஜக் காட்டை நட்டு வைத்தீர்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறது. அந்தக் காட்டுக்குப் பக்கத்தில், இங்கே இன்னின்ன தோட்டங்கள் இருந்தன, இத்தனை குடும்பங்கள் இருந்தன, தெமுவான் கிராமம் இருந்தது என்று ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

சரி, வேலைக்கு வருவோம், ஏனென்றால் பலகையைவிட அவசரமானது அது. ஷிப்டு ஆரம்பிக்கிற நேரத்துக்குப் பேருந்து கிடையாது. விடிகாலை விமானத்துக்குப் பெட்டி ஏற்ற வேண்டுமென்றால் நள்ளிரவு தாண்டியே கிளம்ப வேண்டும், கப்சாய் என்கிற சின்ன மோட்டாரில், மணல் லோரியும் செம்பனை லோரியும் ஓடுகிற ரோட்டில், மழையிலும்தான். 2002ல் கோலாலம்பூர் சென்ட்ரலுக்கும் விமான நிலையத்துக்கும் அதிவேக ரயில் விட்டீர்கள், பயணிகளுக்கு அது நல்ல காரியம். பந்திங், சுங்கை மங்கிஸ், டிங்கில், லாபு போன்ற ஊர்களிலிருந்து ஷிப்டு நேரத்துக்கு ஒரு தொழிலாளர் பேருந்து விட அந்த ரயிலின் ஒரு தண்டவாளத் துண்டுச் செலவுகூட ஆகாது. ஷிப்டு முடித்துத் தூக்கக் கலக்கத்தில் திரும்பும்போது விழுந்து, காலில் கம்பி வைத்துக்கொண்டு நடக்கிற என் பழைய மாணவன் ஒருவன் இருக்கிறான். தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ பணம் வந்தது, உண்மைதான், ஆனால் அவன் இனி பெட்டி தூக்க முடியாது.

தொழில் கீழே விழும்போது யார் முதலில் விழுகிறார்கள் என்பதையும் இந்த ஊர் இரண்டு தடவை பார்த்துவிட்டது. 2014 மார்ச் 8ல் மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச்370 விமானம் காணாமல் போனது, 239 பேர். அதே வருடம் ஜூலை 17ல் எம்எச்17 சுட்டு வீழ்த்தப்பட்டது, 298 பேர். அந்த வாரங்களில் இந்த ஊர்க் கோயில்களில் நடந்த பூஜைகளில் யார் குடும்பம் என்று பார்க்காமல் எல்லாரும் அழுதோம். அதற்குப் பிறகு தேசிய விமான நிறுவனத்தைச் சீரமைத்தபோது 20,000 ஊழியரில் சுமார் 6,000 பேருக்கு வேலை போனது, புது நிறுவனம் பழைய ஊழியர்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லும்படி 2015ல் ஒரு தனிச் சட்டமே வந்தது. அடுத்தது 2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாடு. விமானங்கள் வரிசையாக நின்றன. நேரடி ஊழியருக்குச் சம்பளக் குறைப்பு, சம்பளமில்லா விடுப்பு, கடைசியில் ஆட்குறைப்பு என்று சில படிகளாவது இருந்தன. குத்தகை ஆட்களுக்கு ஒரு போன் வந்தது, நாளைக்கு வர வேண்டாம் என்று. ஆறு மாதம் சாப்பாடு டெலிவரி செய்தார்கள், சிலர் மீண்டும் கூப்பிட்டபோது திரும்பிப் போனார்கள், வழக்கம்போல முதல் நாள் சர்வீஸோடு.

இப்போது சேமநிதி வாரியத்திடம் ஒரு வார்த்தை. 2025ல் விமான நிலைய நிறுவனம் பங்குச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டபோது அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானாவுக்கு 40 விழுக்காடு, உங்களுக்கு 30 விழுக்காடு, மீதி 30 விழுக்காடு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு என்று பங்கு பிரிந்தது. உங்கள் கையில் இருக்கும் அந்த முப்பது விழுக்காடு யாருடைய பணம்? குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் வாங்குகிற துப்புரவுப் பெண்ணின் சம்பளத்தில் மாதம் 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட், உங்களிடம்தான் வருகிறது. ஆகவே அவர் துடைக்கிற தரையில் அவருக்கும் பங்கு இருக்கிறது, இது கணக்குப்படி சரியான உண்மை. விமான நிலையம் லாபம் காட்ட வேண்டும், அப்போதுதான் என் மாணவர்களின் சேமநிதிக்கு ஈவு வரும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் குத்தகையை யார் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்குக் கொடுத்து, அந்தக் குறைப்பை சம்பளத்திலும் விடுமுறையிலும் பிடித்து, அதில் வந்த லாபத்தில் ஒரு துளியை ஈவு என்று அதே ஆளிடம் திருப்பிக் கொடுப்பது அவருக்கு நன்மை ஆகாது. இயக்குநர் கூட்டத்தில் உங்கள் சார்பில் உட்காருகிறவர்கள் இந்த டெண்டர் விதியை எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முப்பது விழுக்காட்டுக் குரல் சின்னக் குரல் இல்லை.

பயணத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு விமானம் என்பது உல்லாசம் மட்டும் இல்லை. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் எங்கள் பெரியவர்கள். அதற்குப் பிறகு சிதம்பரம் கப்பல். 1985ல் அது நடுக்கடலில் தீப்பிடித்ததோடு கப்பல் போக்குவரத்து முடிந்தது. அன்றிலிருந்து ஊருக்குப் போக வான்வழி மட்டும்தான், தோட்டத் தொழிலாளி சம்பளத்தில் அந்த டிக்கெட் ஆயுளுக்கு ஒரு முறை வாங்குகிற பொருளாக இருந்தது. 2001ல் ஏர் ஏசியா ஒரு ரிங்கிட்டுக்குக் கைமாறி, கடனோடு எடுக்கப்பட்டு, 2008 டிசம்பரில் திருச்சிக்கு ஓட ஆரம்பித்த பிறகுதான் எங்கள் தெருவிலிருந்து கிழவிகள் குலதெய்வக் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அறுபது வருடம் கழித்து அக்காவைப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். அதே விமானத்தில் திரும்பும்போது இங்கே உணவகத்திலும் முடிதிருத்தும் கடையிலும் வேலை செய்ய வருகிற திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஏஜெண்டிடம் கடன் வாங்கிக்கொண்டு. அவர்களைப் பார்க்கும்போது எங்கள் தாத்தாவைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. குடிநுழைவு வரிசையில் அவர்களைக் கொஞ்சம் மரியாதையாக நடத்தச் சொல்லுங்கள்.

டிக்கெட் விலை விஷயத்தில் நான் கேட்பது இலவசம் இல்லை. பண்டிகைக் காலத்தில் சபா, சரவாக்குக்குக் கட்டண உச்சவரம்பு வைக்கிறீர்கள், பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஃப்ளைசிஸ்வா உதவி கொடுக்கிறீர்கள், அது நியாயம், நடுவில் கடல் இருக்கிறது, ரோடு இல்லை. தமிழ்நாட்டுக்கு அப்படிக் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை, வெளிநாடு. ஆனால் இருக்கை எண்ணிக்கை உங்கள் பேச்சுவார்த்தையில்தான் முடிவாகிறது. இரண்டு நாட்டுக்கும் நடுவில் உள்ள விமானச் சேவை ஒப்பந்தம் வாரத்துக்கு இத்தனை இருக்கை, இன்னின்ன ஊர் என்று வரம்பு போடுகிறது. இந்தியாவின் 2016 விமானக் கொள்கை டில்லியிலிருந்து 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நாடுகளுக்குத் திறந்த வானம் என்கிறது, மலேசியா அந்த வட்டத்துக்குள் இருப்பதால் ஒவ்வொரு இருக்கைக்கும் உட்கார்ந்து பேசித்தான் வாங்க வேண்டும். இருக்கை குறைவு, ஆள் அதிகம், அப்புறம் பொங்கல் தீபாவளி சமயத்தில் விலை எங்கே நிற்கும்? திருச்சியில் 2024 ஜனவரியில் பெரிய புது முனையம் திறந்தாயிற்று, பினாங்கிலிருந்து சென்னைக்கு 2024 டிசம்பரில் நேரடிச் சேவை வந்தது, வழி இருக்கிறது என்று இதிலிருந்தே தெரிகிறது. அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகிற அதிகாரிகள் மதுரையையும் கோயம்புத்தூரையும் மனதில் வைத்துக்கொண்டு போகட்டும்.

2019 செப்டம்பரிலிருந்து வாங்குகிற வெளியேறும் வரியையும் ஒரு தடவை பாருங்கள். சாதாரண வகுப்பில் ஆசியான் நாட்டுக்கு 8 ரிங்கிட், மற்ற நாட்டுக்கு 20 ரிங்கிட். பதினாறாம் நாள் காரியத்துக்குத் திருச்சி போகிற தோட்டத்து விதவையும் விடுமுறைக்கு லண்டன் போகிறவரும் ஒரே இருபது. பெரிய தொகை இல்லைதான், ஆனாலும் தூரத்தைப் பார்த்து வாங்கியிருந்தால் இன்னும் நியாயமாக இருந்திருக்கும்.

விமானம் தாமதமானால் என்ன உரிமை என்பதையும் எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்வதில்லை. 2016 பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளின்படி இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, ஐந்து மணி நேரம் தாமதமாகி இரவு தங்க வேண்டியிருந்தால் ஹோட்டல், 2024 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு ஐந்து மணி நேரத் தாமதத்துக்குப் பணத்தையே திருப்பிக் கேட்கலாம். இதெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் கிடக்கிறது. திருச்சி, சென்னை விமானம் கிளம்புகிற கேட்டிலாவது தமிழில் ஒரு தாள் ஒட்டுங்கள். வயதானவர்கள் பசியோடு தரையில் துண்டு விரித்துப் படுத்திருக்கிறார்கள், கேட்கலாம் என்பதே தெரியாமல்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று. விமானப் பராமரிப்பு லைசென்ஸ் எடுத்தவனுக்கு எந்த நாட்டிலும் வேலை இருக்கிறது. கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் விமானத் தொழில்நுட்பக் கழகம் தொண்ணூறுகளின் கடைசியில் டிங்கில் பக்கத்திலேயே, ஜெண்டெராம் ஹூலுவில் ஆரம்பித்தது. தோட்டத்துப் பிள்ளைகள் மோட்டாரில் போய் வரும் தூரம். ஆனால் எங்கள் இடைநிலைப் பள்ளிகளில் கணக்கும் இயற்பியலும் எடுத்தால் அந்தப் பக்கம் ஒரு வழி இருக்கிறது என்று யாரும் வந்து சொன்னதில்லை, கட்டணத்தைக் கேட்டால் அப்பாக்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இந்தியர்களுக்கான அரசு அமைப்பான மித்ராவின் நிதியும் விமான நிலைய நிறுவனத்தின் சமூக நிதியும் சேர்ந்து, சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வருடா வருடம் சில பிள்ளைகளுக்கு முழுக் கட்டணம் கட்டலாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றுகூட நான் கேட்கவில்லை, தெமுவான் பிள்ளைகளுக்கும், கம்பத்து மலாய்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கொடுங்கள். விமானச் சத்தத்தை எல்லாரும் சேர்ந்துதான் கேட்கிறோம்.

இன்னொன்றும் வரப்போகிறது. 2023ல் வெளியிட்ட எரிசக்தி மாற்றத் திட்டத்தில் விமான எரிபொருளில் தாவர, கழிவு எண்ணெயிலிருந்து எடுக்கும் பசுமை எரிபொருளை முதலில் 1 விழுக்காடு, 2050க்குள் 47 விழுக்காடு கலப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். செம்பனை ஆலைக் கழிவுக்கும் அதில் இடமிருக்கும் என்கிறார்கள். அப்படியென்றால் கேரித் தீவிலும் கோலலங்காட்டிலும் குலை வெட்டுகிறவரும் விமானத்துறையின் ஆளாகிறார். அந்தத் தொழிற்சாலைகள் வரும்போதும் வேலைகளை மறுபடி மூன்று வருடக் குத்தகையில் போட்டுவிடாதீர்கள், தொடக்கத்திலேயே சரியாக எழுதினால் பிறகு யாரும் மடல் எழுத வேண்டியிருக்காது.

இத்தனையையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்று தெரியும். டெண்டர் விதியும் ஷிப்டுப் பேருந்தும் முதலில் நடக்கட்டும், இரண்டுக்கும் நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை, அதிகாரிகள் உட்கார்ந்து எழுதினால் போதும். வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் எழுத வேண்டாம். கூட்டத்தைக் கட்டடத்துக்குள் வைத்தால் பேச மாட்டார்கள், சூப்பர்வைசர் பார்ப்பார் என்று பயப்படுவார்கள். பந்திங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்கள், பகல் ஷிப்டு முடிந்தவர்களும் இரவு ஷிப்டுக்குக் கிளம்புகிறவர்களும் வரக்கூடிய நேரம் அது, மண்டபம் பிடித்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. பதிலை மலாயில் எழுதினாலும் பரவாயில்லை, மொழிபெயர்த்துப் படித்துக் காட்ட இங்கே ஆசிரியைகள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
பந்திங், கோலலங்காட், சிலாங்கூர்